9 வாரமா 75 கிலோவிலேயே நிக்குது. டயட்டீசியனைப் பார்த்தா பிரயோசனம் உண்டா? (வேலூர்)

சத்துவாச்சாரிக்காரி | ஜூன் 14, இரவு 9:40

வணக்கம். இத்தனை நாளா படிக்கிறதோட சரி, இன்னைக்குதான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

வயசு 43, உயரம் 158 செ.மீ. போன டிசம்பர்ல எடை 86 கிலோ. ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனி ஆபீஸ்ல கணக்கு வேலை. காலையில 8 மணிக்கு கம்பெனி பஸ் ஏறினா வீடு திரும்ப சாயங்காலம் ஆறரை. முழுக்க உக்காந்த இடம்தான். டிசம்பர்ல ஒரு கல்யாண மண்டபத்து மாடிப்படியில மூச்சு வாங்கி நடுவுல நின்னேன். "பாட்டியே உன்னைத் தாண்டிப் போயிட்டாங்கம்மா"ன்னு எம் பொண்ணு சிரிச்சா. மறுநாளே ஆரம்பிச்சிட்டேன்.

டீ, காப்பியில சர்க்கரையை நிறுத்தினேன். ராத்திரி சாதம் கிடையாது. ரெண்டு சப்பாத்தி, இல்லன்னா கேவுரு (கேழ்வரகு) களி ஒரு உருண்டை. விடியக்காலம் அஞ்சேகாலுக்கு ஸ்கூட்டியில கோட்டைக்குப் போய் அகழி ஓரமா முக்கால் மணி நேரம் நடை. ஏப்ரல் நடுவுல 75.2. கிட்டத்தட்ட 11 கிலோ. பழைய ஜாக்கெட்டெல்லாம் பிரிச்சுத் தைச்சேன்.

அதோட சரி. ஒன்பது வாரமா 75.6, 74.9, 75.3ன்னு அங்கயே சுத்துது. அதே சாப்பாடு, அதே நடை. போன வாரம் ரெண்டு நாள் வெறும் மோர்லயே இருந்து பார்த்தேன். ஒரு கிலோ இறங்கிச்சு, ஞாயித்துக்கிழமை அப்படியே திரும்பி வந்துடுச்சு.

டயட்டீசியன்கிட்ட போகலாமான்னு யோசனை. வீட்டுக்காரர் "யூடியூப்ல இல்லாததையா சொல்லிடப் போறாங்க"ன்றார். போனவங்க சொல்லுங்க: உள்ள என்னதான் கேப்பாங்க? வேலூர்ல யாரைப் பார்க்கிறது?

---

பாலாறு_மணல் | ஜூன் 14, இரவு 9:58

தைராய்டு பார்த்தீங்களா?

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூன் 14, இரவு 10:05

இருக்குதுங்க. மூணு வருஷமா 50 மைக்ரோகிராம் மாத்திரை. கடைசியா பிப்ரவரியில எடுத்தப்போ நார்மல்னாங்க.

---

கொசப்பேட்டை_தாத்தா | ஜூன் 14, இரவு 10:31

இன்னாத்துக்கும்மா டயட்டீசியன்? எங்க பாட்டி இன்னா எந்த டயட்டீசியன்கிட்ட சீட்டு வாங்கிக்கினு சாப்ட்டாங்களா? மூணு வேளையும் களி, கூழு, கருவாட்டுக் கொழம்பு. தொண்ணூறு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க. எல்லாம் இந்தக் காலத்து வியாபாரம்.

---

மல்லாட்டை_காடு | ஜூன் 14, இரவு 10:47

தாத்தா, கோச்சுக்காதீங்க. எங்க பாட்டியும் அதே களிதான். ஆனா அவங்க விடிஞ்சா மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில குனிஞ்சா பொழுது சாயத்தான் நிமிருவாங்க. தண்ணிக்கு அரை மைல் போய் இடுப்புல குடம். அக்கா எட்டு மணி நேரம் ஏசியில உக்காந்து எக்ஸெல் பார்க்கிறாங்க. களி அதேதான், அதைக் கரைக்கிற கொல்லை எங்க?

---

கொசப்பேட்டை_தாத்தா | ஜூன் 14, இரவு 10:52

அதுவும் நாயம்தான்.

---

ஃபிட்னஸ்_பயணம் | ஜூன் 15, காலை 6:12

மேடம் கவலையே வேணாம்!! எங்க காலை கிளப்புக்கு வாங்க. மூணு நாள் இலவச ஷேக், உடம்பு ஸ்கேன் இலவசம். 10 நாள்ல 5 கிலோ கேரண்டி. நானே 18 கிலோ குறைச்சேன். நம்பர் இன்பாக்ஸ்ல

---

மட்டுறுத்துனர் | ஜூன் 15, காலை 7:20

மேலே உள்ள பதிவில் இருந்த இணைப்பு நீக்கப்பட்டது. விற்பனைக்கு இங்கே இடமில்லை. இன்னொரு முறை வந்தால் கணக்கே முடக்கப்படும்.

---

ரெண்டாவது_ஷிஃப்ட் | ஜூன் 15, காலை 7:45

10 நாள்ல 5 கிலோவாம். குறையும்தான், எது குறையும்னுதான் கேள்வி. நம்ம உடம்புல மாவுச்சத்து கிளைக்கோஜனா சேர்ந்திருக்கு. ஒரு கிராம் கிளைக்கோஜன் கூடவே சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். சாப்பாட்டை வெட்டினதும் மொதல்ல கழியுறது அந்தத் தண்ணி. அக்கா மோர்ல இருந்து குறைச்ச ஒரு கிலோவும் அதுதான், அதான் ஞாயித்துக்கிழமை திரும்பி வந்துச்சு.

இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்கக்கா. 1992ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு. "எவ்வளவு கம்மியா சாப்பிட்டாலும் எடை குறையல"ன்னு சொன்ன 10 பேரை எடுத்து, அவங்க உண்மையில எவ்வளவு சாப்பிடுறாங்கன்னு ஆய்வக முறையில அளந்தாங்க. அவங்க எழுதிக் கொடுத்த கணக்கு, உண்மையில சாப்பிட்டதை விட சராசரியா 47 சதவீதம் குறைவு. செஞ்ச உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தாங்க. உடம்பு எரிக்கிற வேகத்துல கோளாறு எதுவும் தெரியல.

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூன் 15, காலை 7:58

அப்போ நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா தம்பி?

---

ரெண்டாவது_ஷிஃப்ட் | ஜூன் 15, காலை 8:03

ஐயோ இல்லக்கா. அவங்க யாரும் வேணும்னு பொய் சொல்லல. கண்ணுக்குத் தெரியாமப் போறது அவ்வளவுன்னு சொல்ல வந்தேன். நானும் எழுதி வச்சவன்தான், டிபன் நேரத்து பஜ்ஜியை ஒரு மாசம் எழுதவே இல்ல. மறைக்கணும்னு இல்ல, அது சாப்பாடுன்னே தோணல.

---

அகழி_வாத்து | ஜூன் 15, பகல் 1:15

நானும் தினம் கோட்டையிலதான் நடக்கிறேன். ஏப்ரல் கடைசியில இருந்து கூட்டம் பாதியாயிடுச்சு. ஏழு மணிக்கே வெயில் சுள்ளுனு அடிக்குது. நம்ம ஊரை வெயிலூருன்னு சும்மாவா சொல்றாங்க. நீங்க உண்மையிலேயே மே மாசம் முழுக்க முக்கால் மணி நடந்தீங்களா?

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூன் 15, பகல் 1:40

நடந்தேன்னுதான் எழுதினேன். யோசிச்சுப் பார்த்தா அரை மணி இருக்கும். கத்திரி வெயில்ல நாலஞ்சு நாள் போகவும் இல்ல.

---

காட்பாடி_ஜங்ஷன் | ஜூன் 15, மாலை 5:30

டயட்டீசியன்னு நான் போன கதை. 2022ல ஒரு இடம், பேர் வேணாம். மூணு மாசப் பேக்கேஜ், மொத்தப் பணமும் மொதல்லயே. உள்ள போனதும் ஒரு மெஷின்ல ஏத்தி நிறுத்தினாங்க, பிரிண்ட் எடுத்தாங்க. அப்புறம் ஒரு தாள். காலை ஓட்ஸ், ப்ளூபெரி. மதியம் கினோவா சாலட், ஆலிவ் ஆயில். ராத்திரி அவகேடோ, கிரில்டு சால்மன்.

நேதாஜி மார்க்கெட்டுல போய் சால்மன் கேட்டேன். மீன்காரம்மா "அது எந்த ஊரு மீனு நைனா?"ன்னாங்க.

பத்து நாள் தாங்கினேன். என் பக்கத்துல உக்காந்திருந்த ஆளுக்குக் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். அதே தாள். அவருக்கு வயசு 60, சுகர் வேற.

---

நைட்_டூட்டி_செவிலி | ஜூன் 15, இரவு 8:10

காட்பாடி அண்ணா சொன்னதுல கடைசி வரியைக் கவனிங்க. சுகர் உள்ளவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் ஒரே தாள்னா அது விளையாட்டு இல்ல.

எங்க வார்டுல அடிக்கடி பார்க்கிறோம். சுகருக்கு கிளைமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்க, டாக்டர்கிட்ட சொல்லாம திடீர்னு சாதத்தை நிறுத்திடுவாங்க. மாத்திரை அதே அளவு. சர்க்கரை 50க்குக் கீழ இறங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி தூக்கிட்டு வருவாங்க. அக்கா, உங்களுக்கு சுகர், பிபி மாத்திரை ஏதாவது?

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூன் 15, இரவு 8:22

இல்லம்மா. தைராய்டு மட்டும். டிசம்பர்ல சுகர் பார்டர்ல இருந்துச்சு, மூணு மாச சராசரி 6.1. மாத்திரை கொடுக்கல.

---

கரண்டிக்_கணக்கு | ஜூன் 15, இரவு 10:55

நான் ஊட்டச்சத்து, உணவுமுறையில எம்.எஸ்சி. முடிச்சு ஆஸ்பத்திரியில 14 வருஷம் வேலை பார்த்தவள். இப்போ காட்பாடி பக்கம் வீட்டோட இருக்கேன், ஆலோசனை கொடுக்கறதில்லை. அதனால இது விளம்பரம் இல்ல. இழையை முழுக்கப் படிச்சிட்டு எழுதுறேன்.

முதல்ல சகோதரிக்கு: 86ல இருந்து 75ன்னா உங்க எடையில 12 சதவீதத்துக்கு மேல. 5 முதல் 10 சதவீதம் குறைஞ்சாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி எல்லாத்துலயும் வித்தியாசம் தெரியும். நீங்க தோத்துப்போன மாதிரி எழுதுறீங்க, அப்படி இல்ல.

ஏன் நின்னுச்சு? பாதிப் பதில் வெறும் கணக்கு. படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு ஒரு செலவு உண்டு. உங்க உயரம், வயசுக்கு நாங்க வழக்கமா போடுற சூத்திரப்படி 86 கிலோவுல அது சுமார் 1,470 கலோரி. 75ல சுமார் 1,360. ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, நடமாட்டம் எல்லாம் சேர்த்தா முன்ன ஒரு நாளைக்கு 2,060 கிட்ட செலவாச்சு, இப்போ 1,900. டிசம்பர்ல உங்களை இளைக்க வச்ச அதே தட்டு, இன்னைக்கு வேற உடம்புக்குப் போகுது. 11 கிலோ அரிசி மூட்டையை இறக்கி வச்சிட்டு நடக்கிறீங்கல்ல, அந்தச் சுமைக்கான கூலியை உடம்பு கேக்காது.

அந்த 150, 160 கலோரி எவ்வளவுன்னு பாருங்க: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாது.

இதுக்கு மேல உடம்பு தானா கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். பசி கூடும், சும்மா உக்காந்திருக்கும்போது கை கால் அசைவுகூடக் குறையும். ஆனா "மெட்டபாலிசம் செத்துப்போச்சு"ன்னு இணையத்துல பயமுறுத்துவாங்க. அதுக்குக் காட்டுறது 2016ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. டிவி எடைக் குறைப்புப் போட்டியில கலந்துக்கிட்ட 14 பேர், ஆறு வருஷம் கழிச்சும் எதிர்பார்த்ததை விட நாளைக்கு 500 கலோரி அளவு கம்மியா எரிச்சாங்க. உண்மைதான். ஆனா அவங்க 30 வாரத்துல சராசரியா 58 கிலோ குறைச்சவங்க. நீங்க கோட்டையைச் சுத்தி நடந்தவங்க. ரெண்டையும் ஒண்ணாப் போடக்கூடாது.

இப்போ சில கேள்வி. இதேதான் அறைக்குள்ளயும் கேப்பாங்க, அதனால உங்க "என்ன கேப்பாங்க"வுக்கும் இதுவே பதில்:

வீட்டுல எத்தனை பேர், மாசம் எவ்வளவு எண்ணெய் வாங்குறீங்க? சமைக்கிறது யாரு? தைராய்டு மாத்திரை போட்டு எத்தனை நிமிஷத்துல காப்பி? கடலை, முந்திரின்னு "நல்லது"ன்னு சாப்பிடுறது என்ன? புள்ளைங்க தட்டுல மீதி வச்சா யாரு சாப்பிடுறது? ஞாயித்துக்கிழமை என்ன நடக்குது? மாதவிடாய் ஒழுங்கா வருதா? எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?

---

பாலாறு_மணல் | ஜூன் 15, இரவு 11:04

"ஞாயித்துக்கிழமை என்ன நடக்குது"ன்னு வேலூர்ல கேக்கக் கூடாதும்மா. சீரகசம்பா பிரியாணி, கத்திரிக்கா தொக்கு, தயிர் பச்சடி. அதுதான் நடக்குது.

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூன் 16, காலை 6:50

ராத்திரி படிச்சிட்டுத் தூக்கமே வரல. ஒவ்வொண்ணா சொல்றேன்.

அஞ்சு பேர். நான், அவர், ரெண்டு புள்ளைங்க, மாமியார். சமையல் காலையில மாமியார், ராத்திரி நான். எண்ணெய் மாசம் ஆறு லிட்டர், அது இல்லாம நல்லெண்ணெய் அரை லிட்டர். நெய் எண்ணல.

மாத்திரை அஞ்சு மணிக்கு, காப்பி அஞ்சு பத்துக்கு. காப்பி இல்லாம கோட்டைக்குப் போக முடியாதுங்க.

வறுத்த மல்லாட்டை ஆபீஸ் டிராயர்ல ஒரு டப்பா உண்டு. வடைக்குப் பதிலா அது. புள்ளைங்க தட்டு... என்ன சொல்றது, கீழ கொட்ட மனசு வருமா? சின்னவன் தினம் அரை தோசை மீதி வைப்பான். ஞாயித்துக்கிழமை மேலே அண்ணா சொன்னதுதான். சனிக்கிழமை ராத்திரி எங்கம்மா வீடு, ஆற்காடு. அங்க போனா மக்கன் பேடா (அந்த ஊர் இனிப்பு) இல்லாம விட மாட்டாங்க. இப்போ மாம்பழ சீசன் வேற. வெயிலுக்கு மத்தியானம் சாத்துக்குடி ஜூஸ், சர்க்கரை கம்மியா.

தூக்கம் அஞ்சரை மணி நேரம்.

எழுதி முடிச்சு நானே படிச்சேன். தம்பி ரெண்டாவது ஷிஃப்ட், மன்னிச்சுக்கப்பா.

---

ரெண்டாவது_ஷிஃப்ட் | ஜூன் 16, காலை 7:02

மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா, ஒரு மக்கன் பேடா போதும்.

---

கரண்டிக்_கணக்கு | ஜூன் 16, இரவு 9:30

இவ்வளவு நேர்மையா எழுதுறவங்க ரொம்பக் கம்மி.

எண்ணெய் ஆறரை லிட்டர், அஞ்சு பேர், 30 நாள். ஆளுக்கு 43 மில்லி, அதாவது 40 கிராம், 360 கலோரி. உக்காந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லிட்டு வர்றது சுமார் 20 கிராம். (அந்த நிறுவனம் இப்போ ஐதராபாத்ல இருக்கு, 1918ல ஆரம்பிச்சது நம்ம குன்னூர்ல. பெரிபெரி நோயை ஆராய ஒரு அறையில தொடங்கினது.) உங்க பங்கு சரியா 40 இருக்கணும்னு இல்ல, புள்ளைங்க அப்பளம் கூடத் தின்னலாம். ஆனா திசை தெரியுது.

மாத்திரை: காப்பி அந்த மருந்து உடம்புல சேர்றதைக் குறைக்கும். அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் இடைவெளி வேணும். கால்சியம், இரும்பு மாத்திரை போட்டா நாலு மணி நேரம். இதைச் சரிபண்ணிட்டு டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்தைத் திரும்பப் பாருங்க. ஆனா இதனால கிலோ கிலோவா இறங்கும்னு நினைக்காதீங்க. தைராய்டு மேல போடப்படுற பழியில பாதிக்கு மேல அது செய்யாத குத்தம்.

மல்லாட்டை நல்ல பொருள்தான், 100 கிராம்ல 25 கிராம் புரதம். கூடவே 560 கலோரிக்கு மேல. டப்பாவுல கை விட்டா ஒரு பிடி 30 கிராம், 170 கலோரி. ரெண்டு பிடின்னா ரெண்டு மசால்வடைக்குக் குறையாது.

கேவுரும் அப்படித்தான். 100 கிராம் மாவுல 320 கலோரி, அரிசியில 356. பெரிய வித்தியாசம் இல்ல. கேவுருல கால்சியம், நார்ச்சத்து நிறைய, பசி தாங்கும், அதுக்காகச் சாப்பிடுங்க. "இளைக்க வைக்கிற தானியம்"னு ஒண்ணு கிடையாது. களி உருண்டை எவ்வளவு பெருசுன்றதுதான் கேள்வி.

ஆனா இதையெல்லாம் நான் இங்க சொல்றதுக்கும் ஒருத்தர் உங்க எதிர்ல உக்காந்து கேக்குறதுக்கும் வித்தியாசம் உண்டு. போய்ப் பாருங்க. எடை எவ்வளவு குறைப்போம்னு முன்கூட்டியே உறுதி கொடுக்கிறவங்க, பவுடர் விக்கிறவங்க, உங்க ரத்தப் பரிசோதனையைக் கேக்காதவங்க: இந்த மூணு பேரும் வேணாம். படிப்பு என்னன்னு கூச்சப்படாமக் கேளுங்க. பி.எஸ்சி., எம்.எஸ்சி. ஊட்டச்சத்து படிச்சு, இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்துற பரீட்சையில தேறினவங்க ஆர்.டி.ன்னு (ரெஜிஸ்டர்டு டயட்டீசியன்) போட்டுக்குவாங்க. ஒரு வாரம் ஆன்லைன்ல படிச்சிட்டும் நம்ம ஊர்ல "நியூட்ரிஷனிஸ்ட்" போர்டு மாட்டுறாங்க. 2021ல டயட்டீசியன் மாதிரி மருத்துவம் சார்ந்த துறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கு. ஆனா போர்டுகள் இன்னும் குறையல.

---

நைட்_டூட்டி_செவிலி | ஜூன் 16, இரவு 11:40

எங்க பார்க்கிறதுன்னு கேட்டீங்க: சி.எம்.சி. மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில டயட் பிரிவு தனியா இருக்கும். வழக்கமா டாக்டர் பார்த்துட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவாங்க. உங்க தைராய்டு டாக்டர்கிட்டயே கேட்டா சீட்டு கொடுப்பார். செலவு முடியாதவங்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில தொற்றா நோய்ப் பிரிவுல கேட்டுப் பாருங்க. தனியாப் போனாலும் பரவாயில்ல, ஒரு தடவைக்கு ஒரு தடவை பணம் வாங்குற இடமாப் பாருங்க. பேக்கேஜ் வேணாம்.

---

காட்பாடி_ஜங்ஷன் | ஜூன் 17, காலை 6:15

பேக்கேஜ் வேணவே வேணாம். 🙏

---

கொசப்பேட்டை_தாத்தா | ஜூன் 17, காலை 6:40

அந்த மல்லாட்டை கணக்கு நெசமா? நான் தினம் சாயந்தரம் ஒரு படில பாதி.

---

மல்லாட்டை_காடு | ஜூன் 17, காலை 6:44

தாத்தா 😳

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூலை 26, இரவு 9:15

எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. போய் வந்து அஞ்சு வாரம் ஆச்சு, அதான் எழுதுறேன். இடத்தோட பேர் வேணாம், விளம்பரம் ஆயிடும்.

போறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டாங்க: மூணு நாள் சாப்பிட்டதை எழுதணும், அதுல ஒரு நாள் ஞாயித்துக்கிழமையா இருக்கணும். வீட்டுல சாதம் போடுற கரண்டி, குழம்புக் கரண்டி, நான் சாப்பிடுற தட்டு மூணையும் எடுத்துட்டு வரணும். சில்வர் தட்டைப் பையில வச்சிட்டு உக்காந்திருந்தேன், பக்கத்துல இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

உள்ள ஒரு டப்பாவுல ஆறின சாதம் வச்சிருந்தாங்க. "நீங்க தினம் போட்டுக்கிற மாதிரி போடுங்க"ன்னாங்க. ரெண்டு கரண்டி போட்டேன். தராசுல வச்சா 290 கிராம், 375 கலோரி. நான் எழுதியிருந்தது "சாதம் 1 கப்". எங்க வீட்டுக் கரண்டி, மாமியாருக்கு அவங்க அம்மா வீட்டுல கொடுத்த சீர்க் கரண்டி. பெருங்குடும்பத்துக் கரண்டி அது.

அப்புறம் வாரக் கணக்கு. நான் நாளைக்கு 1,200ன்னு நினைச்சிட்டிருந்தேன். எண்ணெய், மல்லாட்டை, தோசை மீதி, ஜூஸ் எல்லாம் சேர்த்து திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 1,600 வருது. சனி, ஞாயிறு நாளைக்கு 2,600. ஏழு நாளையும் கூட்டி வகுத்தா 1,890 கிட்ட. கரண்டிக்கணக்கு அக்கா இங்க எனக்குச் செலவு 1,900ன்னு எழுதினது ஞாபகம் வந்துச்சு. ஒன்பது வாரமா நான் எடை குறைக்கல, எடையை அச்சு பிசகாமக் காப்பாத்திட்டு இருந்திருக்கேன். கம்பெனியில பத்து வருஷமா வரவு செலவு பார்க்கிறவ நான்! வெளிய வந்து ஸ்கூட்டியில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு.

திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. ஆச்சரியமா சேர்க்கத்தான் சொன்னாங்க. நான் காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் சாதம் ரசம்னு ஓட்டிட்டு இருந்தேன். நாள் முழுக்கப் புரதம் 38 கிராம்தான் வந்துச்சு. 60 ஆக்கணும்னாங்க. காலையில ரெண்டு முட்டை, இல்ல ஒரு கிண்ணம் சுண்டல். மத்தியானம் பருப்பு கெட்டியா, தயிர் ஒரு கப். சாதம் 290ல இருந்து 170. கூட்டு, பொரியல் ரெட்டிப்பு. ராத்திரி சப்பாத்தி ரெண்டு அப்படியே. மல்லாட்டை வாரம் மூணு நாள், காலையிலயே எண்ணிச் சின்ன டப்பாவுல போட்டுப் போகணும், டிராயர் டப்பா கிடையாது. ஜூஸுக்குப் பதில் நீர்மோர், இல்ல முழுப் பழம்.

பிரியாணியை நிறுத்தச் சொல்லல. "ஞாயித்துக்கிழமை சாப்பிடுங்க, ஒரு தட்டு. ஆனா சனிக்கிழமை ராத்திரியையும் ஞாயித்துக்கிழமை ராத்திரியையும் பிரியாணி நாளாக்காதீங்க"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே 600 ரூபா தகும்.

நடையோட வாரம் ரெண்டு நாள் நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கிற பயிற்சி, சுவத்துல கை வச்சுத் தள்ளுறது. தசை கரையாம இருக்கணுமாம். இடுப்பு அளந்தாங்க, 94 செ.மீ. நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80க்குள்ள இருக்கணும்னு சொன்னாங்க. எடையை தினம் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும்தான் எழுதணும். மாத்திரை இப்போ நாலரைக்கு, காப்பி அஞ்சேகாலுக்கு. அதுக்காகவே சீக்கிரம் படுக்கிறேன், ஆறரை மணி நேரம் தூக்கம்.

எண்ணெய்தான் வீட்டுல பெரிய யுத்தம். "எண்ண மெதக்கலன்னா அது கொழம்பாடி? நான் செத்த பெறவு செஞ்சுக்கோ"ன்னுட்டாங்க மாமியார். முள்ளுக்கத்திரிக்கா எண்ணெய்க் கொழம்பு அவங்க கைமணம், நானே விட மாட்டேன். கடைசியா ஒப்பந்தம்: வாரம் ஒரு நாள் அது அவங்க இஷ்டப்படி. மத்த நாள் காலையில நான் ஒரு கிண்ணத்துல எண்ணெய் அளந்து அடுப்பு மேல வச்சிடுவேன், அஞ்சு பேருக்கும் அன்னைக்கு அவ்வளவுதான். முதல் வாரம் கிண்ணம் ரெண்டு தடவை ரொம்பிச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாங்க. இப்போ மாசத்துக்கு நாலு லிட்டர்.

பலன் கேப்பீங்க. மூணாவது வாரம் 300 கிராம் ஏறிச்சு. அவங்களுக்கு போன் பண்ணேன், "தேதி எப்போ?"ன்னு கேட்டாங்க. அதேதான், மாதவிடாய்க்கு முந்தின தண்ணி. இந்த வாரச் சராசரி 73.6. இடுப்பு 91. அஞ்சு வாரத்துல ஒன்றரை கிலோகிட்ட. டிசம்பர் வேகம் இல்ல.

---

கரண்டிக்_கணக்கு | ஜூலை 26, இரவு 10:02

நல்ல கைக்குப் போயிருக்கீங்க. கரண்டியை எடுத்துட்டு வரச் சொன்னாங்க பாருங்க, அங்கேயே தெரிஞ்சுது. டிசம்பர் வேகம் இனி வராது, அதைத் தேடாதீங்க. இன்னும் அஞ்சாறு கிலோ போனதும் திரும்ப ஒரு தடவை நிக்கும். அப்போ இதே கணக்கைத் திரும்பப் போடணும், பயப்படாமப் போங்க. மூணு மாச சராசரிச் சர்க்கரையை செப்டம்பர்ல எடுங்க.

---

காட்பாடி_ஜங்ஷன் | ஜூலை 26, இரவு 10:20

600 ரூபாயா! நான் கொடுத்ததுல 20 தடவை பார்த்திருக்கலாம்.

---

அகழி_வாத்து | ஜூலை 27, காலை 6:30

உங்க மாமியாரும் அதே சாப்பாடுதானே, அவங்களுக்கு எடை ஏறலையா?

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூலை 27, காலை 7:05

அவங்க 52 கிலோ. நாள் முழுக்க உக்கார மாட்டாங்க. மாடிக்கும் கீழுக்கும் வத்தல் காயப்போட, எடுக்க, பூனையை விரட்ட.

---

கொசப்பேட்டை_தாத்தா | ஜூலை 27, காலை 7:31

யம்மா, அந்த எண்ணெ கிண்ணம் எவ்ளோ புடிக்கும்? எங்க வாங்கின? எங்க ஊட்டம்மா கேக்குறாங்க.

---

சத்துவாச்சாரிக்காரி | ஜூலை 27, காலை 7:40

மார்க்கெட்டு பாத்திரக் கடையில சில்வர் கிண்ணம் தாத்தா, ரசம் ஊத்துற சின்னது. அளவு போட்டிருக்காது. வீட்டுல மருந்து டானிக் மூடி இருக்கும்ல, 10 மில்லி கோடு போட்டது, அதால அளந்து ஊத்தி ஆணியால ஒரு கீறல் போட்டுக்கங்க. எங்களுக்குப் பதின்மூணு மூடி, அஞ்சு பேருக்கு. நீங்க ரெண்டு பேருன்னா அஞ்சு மூடி.

---

கொசப்பேட்டை_தாத்தா | ஜூலை 27, காலை 7:46

அஞ்சு மூடியா. சரி, அவங்ககிட்ட ஆறுன்னு சொல்றேன்.